டெக்சாஸ் ஹைஸ்கூல் பேண்ட்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் பேண்டா, ஆர்கெஸ்ட்ராவா, கொயரா என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அன்று பேண்ட் என்று எழுதிய பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது வீட்டின் அட்டவணையே மாறிவிடுகிறது. ஃபிரிஸ்கோவிலும் கேட்டியிலும் ரவுண்ட் ராக்கிலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பேண்டுக்காக நிதி திரட்டும் பெற்றோர் அமைப்பான பூஸ்டர் கிளப்பில் கணக்குப் பார்க்கும் ஒரு பெற்றோராக, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளியின் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

என் மகள் வயலின் கற்றவள். அவள் பேண்டில் சேர முடியுமா?

வயலின், வயோலா, செல்லோ எல்லாம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகும். பேண்டில் ஊதும் கருவிகளும் தாள வாத்தியங்களும்தான்: ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா, டிரம்ஸ். பள்ளி ஆண்டின் முதல் பாதியில் பேண்ட் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் நடந்தபடி வாசிக்கும், அதுதான் மார்ச்சிங். அந்த மைதானத்தின் முன்விளிம்பில் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற பெரிய கருவிகளை ஓரிடத்தில் நிறுத்தி வாசிக்கும் குழுவை 'பிட்' என்பார்கள். ஓபோ, பசூன் வாசிக்கும் பிள்ளைகள் மைதானப் பருவத்தில் பெரும்பாலும் பிட்டுக்குப் போவார்கள், அல்லது வேறு கருவி எடுத்துக்கொள்வார்கள்.

கருவி வாசிக்காமலும் பேண்டில் இருக்கலாம். கலர் கார்டு என்ற பிரிவில் கொடி, மரத்தால் செய்த துப்பாக்கி, வாள் ஆகியவற்றைச் சுழற்றியபடி ஆடுவார்கள். பரதநாட்டியம் கற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு நன்றாகப் பொருந்துகிறது. அரைமண்டியில் நின்று பழகிய காலும், எட்டு எண்ணிக்கைக்குள் அசைவை முடிக்கத் தெரிந்த உடம்பும் அங்கே உடனே கைகொடுக்கும்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைக்கு இது எளிதாக இருக்குமா?

காதும் தாளமும் தயாராக இருக்கும். மிருதங்கம் கற்ற பிள்ளைகள், நடந்தபடி டிரம்ஸ் வாசிக்கும் பிரிவான டிரம்லைனில் கணக்கு வழக்குகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சிரமம் தாளைப் பார்த்து வாசிப்பதில் வருகிறது. கேட்டுக் கேட்டுப் பாடமான பிள்ளை, கேட்காத ஒன்றை எழுத்திலிருந்து நேராக வாசிக்கப் பழக ஓராண்டாவது ஆகும்.

இன்னொன்று, டிரம்பெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் பியானோவின் 'பி ஃபிளாட்' ஒலிக்கும். ஹார்னில் 'எஃப்' ஒலிக்கும். வீட்டில் கீபோர்டு வைத்துச் சரிபார்க்கும் பெற்றோர் பிள்ளை தப்பாக வாசிப்பதாக நினைத்துத் திருத்தக்கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் ஆதார சுருதி உண்டு.

ஒரு வருடத்தில் எங்கெல்லாம் வாசிப்பார்கள்?

ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ கோடைப் பயிற்சி தொடங்கும். பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டங்கள், சில வாரம் வியாழக்கிழமையும் இருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சனிக்கிழமைகளில் மார்ச்சிங் போட்டிகள். டிசம்பரில் விடுமுறைக் கச்சேரி. பிறகு மைதானம் முடிந்து அரங்கம் தொடங்கும். இந்தக் கச்சேரிப் பருவத்தில் பிள்ளைகளைத் திறமைப்படி சிம்ஃபானிக், விண்ட் என்சம்பிள் என்ற குழுக்களாகப் பிரிப்பார்கள். வசந்த காலத்தில் யூஐஎல் (பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) கச்சேரி மதிப்பீடு, தனியாகவும் சிறு குழுவாகவும் வாசிக்கும் சோலோ அண்டு என்சம்பிள், மே மாதத்தில் கடைசிக் கச்சேரி, விருந்து. இதற்கிடையே விரும்பும் பிள்ளைகளுக்கு ஜாஸ் பேண்ட், குளிர்காலத்தில் கலர் கார்டு மட்டும் ஆடும் விண்டர் கார்டு, டிஎம்இஏ என்ற டெக்சாஸ் இசை ஆசிரியர் சங்கம் மாநில அளவிலான குழுக்களுக்கு நடத்தும் ஆல்-ஸ்டேட் தேர்வு ஆகியவையும் உண்டு. ஆல்-ஸ்டேட் தேர்வில் நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள், வாசிப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ரீஜன் (வட்டாரம்), ஏரியா (பல வட்டாரங்கள் சேர்ந்தது) என்று கட்டம் கட்டமாகத் தேறியவர்கள் பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் கூடி வாசிப்பார்கள்.

மைதான நிகழ்ச்சிக்கு வரும் பெற்றோர் கூட்டத்தில் பாதிகூடக் கச்சேரிக்கு வருவதில்லை. எனக்கு அது எப்போதும் வருத்தம். பிள்ளை ஆண்டு முழுக்கக் கற்ற இசை முழுமையாகக் காதில் விழுவது அந்த அரங்கில்தான்.

ஃபுட்பால் ஆட்டத்தன்று பிள்ளை என்ன செய்கிறான்? திரும்ப எத்தனை மணி ஆகும்?

ஆட்டம் ஏழரைக்கு என்றால் பிள்ளை மதியம் பள்ளி விட்டதிலிருந்து அங்கேயே இருப்பான். பயிற்சி, சாப்பாடு, சீருடை, பஸ். ஆட்டம் முழுக்க பேண்ட் கேலரியில் உட்கார்ந்து சிறு சிறு துண்டுகள் வாசிக்கும். இடைவேளையில் இறங்கி முழு நிகழ்ச்சி. மூன்றாவது கால்பகுதியில் பிள்ளைகளுக்கு ஓய்வு, தண்ணீர். ஆட்டம் முடிந்து பள்ளிக்கு வந்து கருவிகளை இறக்கி வைக்கப் பதினொன்று ஆகும். வெளியூர் ஆட்டம் என்றால் நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் சனிக்கிழமை போட்டி இருந்தால் காலை ஆறு மணிக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

சீருடைக்குள் போடக் கறுப்பு நிற நீளக் காலுறை வேண்டும். இதை மறந்துவிட்டு மாலையில் ஓடும் பெற்றோர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான்கைந்து பேராவது இருப்பார்கள். இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கிப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இத்தனை பேர் மோதிக்கொள்ளாமல் எப்படி நகர்கிறார்கள்?

மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு. அந்த ஐந்து கெஜத்தை எட்டு அடியெடுத்துக் கடக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வோர் அடியும் இருபத்திரண்டரை அங்குலம். உயரமான பிள்ளைக்கும் குட்டையான பிள்ளைக்கும் அதே அளவுதான். முதல் வாரம் முழுக்க இந்த ஒரே நடையைத்தான் தார்த்தளத்தில் நடக்க வைப்பார்கள்.

நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு. அதற்குப் பெயர் 'டாட்'. உங்கள் மகன் கழுத்தில் சிறிய நோட்டு ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "இடப்புறம், 35 கெஜக் கோட்டுக்கு இரண்டு காலடி வெளியே, முன் ஹாஷுக்கு நான்கு காலடி பின்னால்" என்பது மாதிரி அதில் குறித்திருக்கும். ஹாஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் வரிசையாக இருக்கும் சிறு குறிகள். ஒரு நிகழ்ச்சியில் இப்படிப் பல பத்து இடங்கள் இருக்கும். ஓர் இடத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை எண்ணிக்கையில் போக வேண்டும், எந்த இசைக்கு எந்த இடம் என்பதெல்லாம் மனப்பாடம். கால் நகர, இடுப்புக்கு மேலே உடம்பு பார்வையாளர் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். வாயில் மூச்சு சீராகப் போக வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் இதைச் செய்கிறார்கள். அதனால் அரை கேலன் தண்ணீர்க் குடுவை, தொப்பி, சன்ஸ்கிரீன், வெளிர்நிறப் பருத்திச் சட்டை எல்லாம் கட்டாயம். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

போட்டிகளில் யூஐஎல் எது, பிஓஏ எது?

யூஐஎல் என்பது டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்தும் அமைப்பு. ரீஜன் மட்டத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது. டிவிஷன் ஒன்று முதல் ஐந்து வரை தரம் கொடுப்பார்கள், ஒன்று என்பது மிகச் சிறப்பு. எத்தனை பேண்ட் வேண்டுமானாலும் ஒன்று வாங்கலாம். அங்கிருந்து ஏரியா, பிறகு சான் அன்டோனியோ ஆலமோடோமில் மாநிலப் போட்டி. அங்கே வரிசைப்படி இடம் உண்டு.

பிஓஏ என்பது பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா. தனி அமைப்பு, நாடு முழுக்கப் போட்டிகள் நடத்துகிறது. நவம்பரில் இண்டியானாபோலிஸ் லூகஸ் ஆயில் ஸ்டேடியத்தில் கிராண்ட் நேஷனல்ஸ். இதற்கு ஒவ்வொரு பள்ளியும் போவதில்லை, செலவு அதிகம் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் போவார்கள்.

வசந்த காலத்து யூஐஎல் மதிப்பீட்டில் இரண்டு அறைகள். முதல் அறையில் தயாரித்த இசை. இரண்டாவது அறையில் பிள்ளைகள் அதுவரை பார்த்தேயிராத ஒரு இசைத்தாள் கொடுக்கப்படும். பேண்டை நடத்தும் ஆசிரியரான டைரக்டர் சில நிமிடங்கள் விளக்குவார். அந்த நேரத்தில் கருவியில் ஒரு சத்தம் வரக்கூடாது. பிள்ளைகள் விரலை மட்டும் அசைப்பார்கள், வாயால் பாடுவார்கள். பிறகு நேராக வாசிக்க வேண்டும். மார்ச்சிங், கச்சேரி, இந்த அறை ஆகிய மூன்றிலும் டிவிஷன் ஒன்று வாங்கினால் ஸ்வீப்ஸ்டேக்ஸ் விருது. மைதானத்தில் வாங்கும் கோப்பையைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

படிப்பு கெடாதா?

1984ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து டெக்சாஸில் 'நோ பாஸ், நோ ப்ளே' விதி உண்டு. மதிப்பெண் காலம் முடியும்போது ஏதாவதொரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. குறைந்தது மூன்று வாரம் கழித்து, எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தால் திரும்ப வரலாம். பயிற்சிக்கு மட்டும் வந்துகொண்டிருக்கலாம். ஏபி போன்ற உயர்நிலைப் பாடங்கள் சிலவற்றுக்குப் பள்ளி மாவட்டங்கள் விலக்குத் தருவதுண்டு. மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லையென்றால் அந்த டாட் காலியாக நிற்கும், அதனால் சீனியர் மாணவர்களே ஜூனியர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பல பேண்டுகளில் பார்க்கலாம்.

பயிற்சிக்கும் வரம்பு உண்டு. பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே எட்டு மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு வருவதும் சனிக்கிழமையும் இந்தக் கணக்கில் வராது. ஆட்டமும் போட்டியும் சேர்ந்தால் நேரம் எங்கோ போய்விடும் என்பது உண்மை.

நம் ஆட்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) ரேங்கும் குறையுமா?

கேட்க வேண்டிய கேள்விதான். டெக்சாஸில் வகுப்புத் தரவரிசை முன்னணியில் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதத்தினருக்கு மட்டும் அந்த உரிமையைத் தருகிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் கணக்குத்தான்.

பேண்ட் ஒரு வகுப்பு. மாவட்டத்தின் விதி என்ன என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சில மாவட்டங்களில் நுண்கலைப் பாடங்கள் ரேங்க் கணக்கில் சேர்வதே இல்லை. சிலவற்றில் சேர்கிறது, ஏபி பாடத்துக்குரிய கூடுதல் எடை இல்லாமல். அப்படிச் சேர்ந்தால் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் எடை கூடிய சராசரி சற்று இறங்கும். மாவட்டத்தின் ஜிபிஏ கையேட்டை எடுத்து, பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) "நான்கு ஆண்டும் பேண்ட் எடுத்தால் எத்தனை வகுப்பு ரேங்க் கணக்கில் வரும்?" என்று நேராகக் கேளுங்கள். மார்ச்சிங் பேண்டை உடற்கல்விக்கு மாற்றாகவும், பேண்ட் வகுப்பை நுண்கலை கிரெடிட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது அட்டவணையில் இடமும் மிச்சமாகும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ரேங்குக்காக மட்டும் பிள்ளையைப் பாதியில் வெளியே எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பில் யாரையும் தெரியாமல் உள்ளே வரும் பிள்ளைக்கு, பள்ளி திறக்கும் முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட நண்பர்களைக் கொடுக்கும் இடம் வேறு இல்லை.

நவராத்திரி, தீபாவளி, அரங்கேற்றம் எல்லாம் அக்டோபர் வாக்கில்தானே வருகிறது?

ஆமாம், போட்டிப் பருவத்தின் உச்சமும் அப்போதுதான். வருகை மதிப்பெண்ணோடு சேர்ந்தது. அட்டவணை பெரும்பாலும் மே மாதமே வந்துவிடும். அன்றே பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மோதும் நாட்களை டைரக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மத விழாவுக்கு ஒரு பயிற்சியை விடுவதற்கு முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முந்தின நாள் கேட்டால் சங்கடம். போட்டி நாளில் விடுப்புக் கேட்பது வேறு விஷயம், அதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். அரங்கேற்றத்தைக் கோடையில் வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் ஆகஸ்டுக்கு முன்பே.

எவ்வளவு செலவாகும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். சில நூறு டாலரில் முடியும் இடமும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டும் இடமும் உண்டு. கருவி தனி. டியூபா, யூஃபோனியம், பசூன், பெரிய தாளக் கருவிகள் போன்றவற்றைப் பள்ளியே சிறு தொகைக்குக் கொடுக்கும். ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட் போன்றவற்றை நீங்கள் வாங்கவோ மாத வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கருவியை வாங்காதீர்கள். உடைந்தால் பழுதுபார்ப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள். டைரக்டர் தரும் பட்டியலில் உள்ள பிராண்டைப் பழையதாக வாங்குவது மேல்.

பள்ளி மாவட்டம் இருக்கும்போது நம்மிடம் ஏன் பணம்? எங்கே போகிறது?

மாவட்டம் டைரக்டர்களின் சம்பளம், கட்டடம், பெரிய கருவிகள், பஸ்ஸில் ஒரு பகுதி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். மீதி பூஸ்டர் கிளப்பின் தலையில். எட்டு நிமிட நிகழ்ச்சிக்கு இசையைத் தழுவி எழுதுபவர், நடமாட்டத்தை வரைபவர், கலர் கார்டு நடனத்தை அமைப்பவர் என்று தனித்தனி ஆட்கள். பாட்டு யாருடையதாவது காப்புரிமையில் இருந்தால் தழுவி எழுத அனுமதிக் கட்டணம். கோடையில் கருவி வாரியாகக் கற்றுக்கொடுக்க வரும் பயிற்சியாளர்கள். மைதானத்தில் நிற்கும் மேடைப் பொருட்கள், அவற்றை ஏற்றிச் செல்லும் லாரி, டீசல். கார்டு உடைகள் ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக. போட்டி நுழைவுக் கட்டணம். சாப்பாடு.

பட்ஜெட் கூட்டத்துக்கு வாருங்கள். எதற்கு எவ்வளவு என்று வரிவரியாகத் திரையில் போடுவார்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் கிளப்பில் அந்தக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் பிறகு கட்டணம் பற்றிக் கோபப்படுவதே இல்லை.

பணம் கட்ட முடியாத குடும்பம் என்ன செய்வது?

டெக்சாஸ் கல்விச் சட்டப்படி, கட்டணம் வாங்கும் மாவட்டம் கட்ட இயலாதவர்களுக்குத் தள்ளுபடி வழிமுறையும் வைத்திருக்க வேண்டும். பூஸ்டர் கிளப்புகளும் உதவித்தொகை, தவணை வசதி வைத்திருக்கின்றன. டைரக்டருக்கோ பொருளாளருக்கோ ஒரு வரி மின்னஞ்சல் போதும், வேறு யாருக்கும் தெரியாது. வேலை போய் விசாக் கெடுவை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ. கூச்சப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். உதவி கேட்பவர்களுக்காகவே அந்தத் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நிதி திரட்ட என்னென்ன செய்வார்கள்?

ஃபுட்பால் ஆட்டத்தில் தின்பண்டக் கடை, உணவகங்களில் குறிப்பிட்ட நாளின் விற்பனையில் பங்கு, டிசம்பரில் பாயின்செட்டியா செடி விற்பனை, பள்ளிக் கூடத்தில் ஒருநாள் மெத்தைக் கண்காட்சி, குக்கி மாவு விற்பனை. டெக்சாஸுக்கே உரியது, பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அணியும் மம்: பெரிய செவ்வந்திப் பூவில் ரிப்பன்களும் மணிகளும் தொங்கவிட்டு, நெஞ்சில் குத்தினால் முழங்கால் தாண்டும் அலங்காரம். பல பூஸ்டர் கிளப்புகள் இதைக் கையால் செய்து விற்கின்றன. பூத்தொடுக்கத் தெரிந்த நம் அம்மாக்களின் கை அங்கே வேகமாகப் பேசும்.

எனக்கு மிகவும் பிடித்தது மார்ச்-அ-தான். பிள்ளைகள் பிரிவு பிரிவாகக் குடியிருப்புத் தெருக்களில் வாசித்தபடி போவார்கள். நன்கொடை தந்த வீட்டு வாசலில் நின்று பள்ளிப் பாட்டை வாசிப்பார்கள். தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்திருந்தால் அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேரன் டிராம்போனை நீட்டி இழுப்பதை அவர்கள் நான்கடி தூரத்தில் பார்க்கலாம்.

பொருள் விற்பனையில் விற்ற விலையில் பாதியோ அதற்கும் குறைவோதான் கிளப்புக்கு வரும். அலுவலக நண்பர்களிடம் இருபது டாலர் குக்கி மாவு தள்ளுவதைவிட, உங்களால் முடிந்ததை நேராக நன்கொடையாகக் கொடுத்துவிடுவது நல்லது, முழுத்தொகையும் வந்து சேரும்.

குலுக்கல் நடத்த ஆசைப்பட்டால் முதலில் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். தகுதியுள்ள அமைப்புகள்தான் நடத்தலாம், ரொக்கத்தைப் பரிசாக வைக்கக்கூடாது. விற்பனை வரியிலும் விதி உண்டு. தகுதியுள்ள கிளப் ஆண்டுக்கு இரண்டு ஒருநாள் விற்பனைகளை வரியில்லாமல் நடத்தலாம், மற்றவற்றுக்கு வரி வசூலித்துக் கட்ட வேண்டும்.

நான் அதிகம் விற்றுக் கொடுத்தால் என் மகனின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. இது பல பெற்றோருக்கு அநியாயமாகத் தோன்றும். "நான் மூன்று சனிக்கிழமை கடையில் நின்றேன், அவர் ஒரு நாளும் வரவில்லை, அவர் பிள்ளைக்கும் அதே பலனா?" என்று கேட்பார்கள். பூஸ்டர் கிளப் 501(சி)(3) என்ற வரிவிலக்குள்ள பொதுநல அமைப்பு. அது திரட்டும் பணம் தனி ஒருவருக்கு ஆதாயமாகப் போகக்கூடாது. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப், கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பெயர், விற்ற பெற்றோருக்குப் புள்ளி போட்டு அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்தது. மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் அதன் வரிவிலக்கைப் பறித்தது. 2013இல் வரி நீதிமன்றமும் ஐஆர்எஸ் செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது.

திரட்டிய பணத்தால் எல்லோருடைய கட்டணத்தையும் ஒரே அளவு குறைக்கலாம், தேவையுள்ளவர்களுக்கு உதவித்தொகை தரலாம். விற்ற அளவுக்குப் பங்கு தருவது மட்டும் ஆகாது. கோயில் அன்னதானத்துக்கு அதிகம் எழுதியவர் இலையில் கூடுதல் வடை விழுவதில்லை. இங்கேயும் அந்த முறைதான், அதை நான் மனமார ஏற்கிறேன். அம்மாவும் அப்பாவும் இரண்டு ஷிஃப்டில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளையும் அதே வெயிலில்தான் அதே டாட்டில் நிற்கிறது.

கம்பெனி மேட்சிங் என்கிறார்களே, அது எப்படி?

நம் குடும்பங்கள் பேண்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். பல பெரிய நிறுவனங்கள், குறிப்பாக மென்பொருள், தொலைத்தொடர்பு, எண்ணெய், வங்கித் துறையில் உள்ளவை, ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தாங்களும் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் நீங்கள் தன்னார்வமாக உழைத்த மணி நேரத்துக்கும் கிளப்புக்குப் பணம் தருகின்றன. கடையில் நின்ற நான்கு மணி நேரம், மரிம்பா தள்ளிய சனிக்கிழமை எல்லாம் கணக்கில் வரும். நிறுவனத்தின் உள் தளத்திலோ பெனிவிட்டி என்ற நன்கொடைத் தளத்திலோ பூஸ்டர் கிளப்பின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் பொருளாளரிடம் கிளப்பின் வரி அடையாள எண்ணான ஈஐஎன்னை வாங்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணமாகக் கட்டியதற்கு மேட்சிங் கேட்கக்கூடாது, நன்கொடைக்கு மட்டும்தான். ஆண்டு முடிவுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

வரிக்கணக்கில் காட்டலாமா?

பிள்ளையின் கட்டணம், பயணச் செலவு நன்கொடையாகாது. கைம்மாறு எதுவும் வாங்காமல் கொடுத்தது நன்கொடை. 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் கிளப்பின் எழுத்துமூல ரசீது அவசியம். விருந்து டிக்கெட் மாதிரி பதிலுக்கு ஏதாவது வாங்கியிருந்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். தன்னார்வ வேலைக்குக் கார் ஓட்டினால் மைலுக்கு 14 சென்ட் கணக்கிடலாம்.

பணம் பத்திரமாகக் கையாளப்படுகிறதா என்று எப்படித் தெரியும்?

கேட்டுப் பாருங்கள்: காசோலையில் இரண்டு கையெழுத்தா, வங்கி அறிக்கையைக் கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒருவர் மாதந்தோறும் சரிபார்க்கிறாரா, கடைப் பணத்தை இருவர் சேர்ந்து எண்ணுகிறார்களா, வரிவிலக்குள்ள அமைப்புகள் கணக்குக் காட்டும் ஐஆர்எஸ் 990 படிவம் ஆண்டுதோறும் போகிறதா. இந்தப் படிவத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டு போடாவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும். யூஐஎல் வழிகாட்டுதல்படி டைரக்டருக்குப் பூஸ்டர் பணத்தில் கையெழுத்து அதிகாரம் கூடாது, தேவைகளைப் பட்டியலாகத் தரலாம். இதைக் கேட்பதால் யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது. ஒழுங்காக நடக்கும் கிளப் மகிழ்ச்சியோடு காட்டும்.

நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறேன். தன்னார்வ வேலை செய்யலாமா?

பள்ளியிலோ பூஸ்டர் கிளப்பிலோ ஊதியமில்லாமல், வழக்கமாகத் தன்னார்வலர்கள் செய்யும் வேலையைச் செய்வதில் சிக்கல் இல்லை. சீருடைத் தையல், தண்ணீர் கொடுத்தல், பஸ்ஸில் துணைக்குப் போதல் எல்லாம் இதில் அடங்கும். பெரிய ஸ்டேடியங்களில் தனியார் நிறுவனத்தின் உணவுக்கடையில் ஆட்களை நிறுத்தி, அதற்கான தொகையைக் கிளப் வாங்கும் திட்டம் இருந்தால், அதில் சேரும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிள்ளை சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?

பதிவுப் படிவத்தில் உணவுக் கட்டம் இருக்கும், அதில் தெளிவாக எழுதுங்கள். சாப்பாட்டுக் குழுவில் நம் பெற்றோர் ஒருவர் இருந்தால் சீஸ் பீட்சாவைத் தாண்டியும் ஏதாவது வரும்.

போட்டியைப் பார்க்க எங்கே உட்கார வேண்டும்?

மேலே, நடுவில். நிகழ்ச்சி முழுக்க 50 கெஜக் கோட்டுக்கு நேரே, நடுவர்கள் உட்காரும் உயரத்திலிருந்து பார்க்க வரையப்பட்டது. கீழே முன்வரிசையில் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளை முகம் தெரியும், வடிவம் ஒன்றும் தெரியாது. ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே பாருங்கள். மற்றப் பள்ளிகள் வாசிக்கும்போது எழுந்து போகாதீர்கள். நிகழ்ச்சி நடக்கும்போது நடமாடாமல் இருப்பதும், எந்தப் பள்ளியானாலும் கைதட்டுவதும் பேண்ட் பெற்றோரின் பழக்கம்.

முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

மாவட்டத்தின் தன்னார்வலர் பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தை ஜூலையிலேயே நிரப்பிவிடுங்கள். அது முடியாமல் பஸ்ஸிலும் மைதானத்திலும் யாரையும் விடமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பிறகு பிட் கருவிகளை நகர்த்தும் பெற்றோர் குழுவில் பெயர் கொடுங்கள் என்பேன். மரிம்பாவையும் மேடைப் பொருட்களையும் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி, சில நிமிடத்தில் நிறுத்திவிட்டு வெளியேறும் வேலை. முன் அனுபவம் தேவையில்லை. கால்விரல்களை மூடும் ஷூ போதும், சட்டையைக் கிளப்பில் கொடுப்பார்கள்.